சுவரில் பூத்த பூஞ்சணத்தைத் துணிக்குக் கொண்டுவர முடியுமா?

நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரியில் தரைத்தள வீடு. மழை ஓய்ந்து பீரோவை நகர்த்தியபோது பின்சுவரில் கறுப்பும் பச்சையுமாக வட்டம் வட்டமாகப் பூஞ்சணம். பீரோவின் அடித்தட்டில் இருந்த அம்மாவின் பருத்திப் புடவையிலும் அதே வட்டங்கள். துடைப்பதற்கு முன்னால் படம் எடுத்திருக்கிறீர்கள். அந்தப் படங்களை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்கிறீர்கள். இதை வைத்து ஸ்டோலும் புடவையுமாக ஒரு வரிசை செய்யலாமா, நிஜப் பூஞ்சணத்தையே துணியில் வளர்த்துக் கறையைப் பிடிக்கலாமா, பார்ப்பவர்கள் முகம் சுளிப்பார்களா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கெட்டுப்போனது என்று எல்லோரும் துடைத்து எறிகிற ஒன்றில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்த அழகு நிஜம்தானா, நிஜமென்றால் அதை எந்த வழியில் கையில் எடுப்பது?

நிஜம்தான். நம் பேச்சே அதை ஒப்புக்கொள்கிறது. ஊறுகாயில் பூசணம் ‘பூத்திருக்கிறது’ என்றுதானே சொல்கிறோம். நான் ஜவுளி வடிவமைப்பு படித்தவள். இருபத்திரண்டு வருடங்களாகச் சென்னையில் கைத்தையலும் இயற்கைச் சாயமும் செய்கிறேன், சொல்லியும் தருகிறேன். நுண்ணுயிரியல் படித்ததில்லை, மருத்துவரும் இல்லை. அதனால் துணி, நூல், சாயம் பற்றி நான் சொல்வதை நம்பி எடுத்துக்கொள்ளலாம். உடம்பு சம்பந்தப்பட்டதில், வீட்டில் ஆஸ்துமாவோ கட்டுப்படாத சர்க்கரையோ உள்ளவர்கள் இருந்தால், அவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்தச் சுவரைத் தொடுங்கள்.

நிஜப் பூஞ்சணத்தைத் துணியில் வளர்ப்பது பற்றிய கேள்விக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பருத்தி என்பது செல்லுலோஸ். பூஞ்சணத்துக்கு அது சாப்பாடு. கஞ்சி போட்ட பருத்தி என்றால் விருந்து. பட்டு புரத இழை என்பதால் அவ்வளவு சீக்கிரம் பிடிப்பதில்லை. பிடித்தால் பெரும்பாலும் அதன்மேல் இருக்கிற கஞ்சியிலும் வியர்வையிலும்தான் தொடங்கும். (பட்டுப்புடவைச் சரிகை கறுப்பது வேறு விஷயம், அது வெள்ளி காற்றில் கறுப்பது.) பருத்தியில் நீங்கள் பார்க்கிற கறை துணியின் மேல் உட்கார்ந்திருக்கும் நிறம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் இழையே கொஞ்சம் தின்னப்பட்டிருக்கிறது. அப்படி ஒரு துணியை, பூஞ்சணத்தைப் பரப்புகிற வித்துகளோடு இன்னொருவர் தோளில் போடக் கொடுப்பது சரியில்லை. காகிதத்தில் சின்ன வீடுகள் செய்து, அதன்மேல் பூஞ்சணத்தை வளரவிட்டுப் படமெடுத்த கலைஞர்கள் உண்டு. அது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வேலை, உடுத்துகிற வேலை இல்லை. மரத்தில் மட்டும் இதற்குப் பழைய, உறுதியான முன்னுதாரணம் இருக்கிறது. குளோரோசிபோரியா என்ற பூஞ்சை மரத்துக்குள் நீலப்பச்சை நிறத்தை ஏற்றிவிடும். இத்தாலியில் மறுமலர்ச்சிக் காலத்து மரப்பதிப்புக் கைவினைஞர்கள் அந்த மரத்தைத் தேடிப்பிடித்து இலைகளுக்கும் மலைகளுக்கும் வெட்டிப் பதித்தார்கள். பூஞ்சை நிறங்களைத் துணிச் சாயமாக்கும் முயற்சிகள் ஆய்வகங்களில் நடக்கின்றன. வீட்டில் செய்ய அது இன்னும் கைக்கு வராத வேலை என்பது என் கணிப்பு.

சரி, நிஜப் பூஞ்சணம் வேண்டாம் என்றால் படத்தை அப்படியே ஸ்கேன் செய்து டிஜிட்டல் பிரிண்ட் போட்டுவிடலாமே என்று தோன்றும். என்னிடம் வரும் மாணவர்கள் பாதிப் பேர் அங்கேதான் தொடங்குகிறார்கள். வந்து விழுவது அழுக்குத் துணி மாதிரி இருக்கும். ஏனென்றால் படத்தில் இருப்பது பூஞ்சணத்தின் ஒரு நொடி. உங்கள் கண்ணைப் பிடித்தது அந்த நொடி இல்லை, அது வளர்ந்து வந்த விதம். நான் சொல்ல விரும்புவதெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்: உருவத்தை நகலெடுக்காதீர்கள், வளர்கிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசியோ சாயமோ, அது துணியில் வளர்ந்தாக வேண்டும்.

எப்படி வளர்கிறது என்று பாருங்கள். ஒரு வித்து விழுந்த புள்ளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகள் நாலாபக்கமும் ஓடுகின்றன. இழை நீள்வது நுனியில் மட்டும்தான், போகப் போகக் கிளைவிடும். எல்லாப் பக்கமும் ஒரே வேகத்தில் போவதால் வட்டம் கிடைக்கிறது. விளிம்பில் இருப்பது இளசு. பெரும்பாலும் வெள்ளையாக, பஞ்சு மாதிரி இருக்கும். நடுவில் இருப்பது முற்றியது. அங்கே வித்துகள் உண்டாகும்போதுதான் பச்சையோ கறுப்போ வருகிறது. சில வகைகளில் பகலும் இரவும் மாறி மாறி வருவதற்கு ஏற்ப வளையம் வளையமாக நிறம் விழும், மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி. பக்கத்தில் இன்னொரு வட்டம் வந்துவிட்டால் சில நேரம் இரண்டும் கலக்காமல், நடுவில் மெல்லிய வெற்றுக்கோடு விட்டு நின்றுவிடும். 1928இல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் லண்டனில் கவனித்ததும் இந்த மாதிரி ஒரு வெற்றிடத்தைத்தான். தட்டில் தவறி விழுந்த பூஞ்சணத்தைச் சுற்றி மட்டும் பாக்டீரியா அழிந்திருந்தது, அதிலிருந்து பென்சிலின் வந்தது. அதே ஃபிளெமிங் வெவ்வேறு நிறத்தில் வளரும் பாக்டீரியாக்களை வைத்துப் படம் வரைகிற பழக்கம் உள்ளவர். நிறம் எங்கே வந்திருக்கிறது, எங்கே வரவில்லை என்று பார்க்கப் பழகிய கண்.

இதைப் பாதுகாப்பாகப் பார்க்க ஒரு வழி. ஒரு கண்ணாடி ஜாடியில் இட்லி ஒன்றைப் போட்டு மூடி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். அதன்பிறகு திறக்கவே கூடாது. தினமும் ஒரே நேரத்தில் ஜாடிக்கு வெளியிலிருந்து, பக்கவாட்டில் டார்ச் அடித்து, ஏழெட்டு நாள் வரையுங்கள். ஃபோட்டோ போதாது, கை வரைய வேண்டும். முதல் இரண்டு நாள் ஒன்றும் இருக்காது. அப்புறம் ஒரு வெள்ளை மங்கல், அதன் நடுவில் ஒருநாள் காலையில் மிளகுத்தூள் தூவின மாதிரி புள்ளிகள். முடிந்ததும் ஜாடியோடு கவரில் கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள். இட்லியும் வேண்டாம் என்றால் சமையலறையில் கல்பாசி இருக்கும். செட்டிநாட்டு மசாலாவில் போடுகிற அது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழ்கிற ஓர் உயிர். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு, ஓரமெல்லாம் கொசுவம் வைத்த மாதிரி சுருக்கம். ஒரு லென்ஸின் கீழ் வைத்துப் பாருங்கள், ஒரு புடவை வரிசைக்கே அதில் விஷயம் இருக்கிறது. தொடலாம், பயமில்லை.

நான் இந்த வழிக்கு வந்தது ஒரு நஷ்டத்தில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சைதாப்பேட்டையில் இருந்த என் பட்டறைக்குள் இடுப்பளவு தண்ணீர். பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அடுக்குகளைப் பிரிக்க முடிந்தது. எட்டாக மடித்து வைத்திருந்த ஒரு வெள்ளைப் பருத்திப் புடவையை மொட்டைமாடியில் விரித்தேன். வெளி மடிப்பில் உள்ளங்கை அளவு கரும்பச்சைக் கறை. அடுத்த மடிப்பில் அதே கறை கண்ணாடியில் பார்ப்பது போலத் திரும்பி, கொஞ்சம் சின்னதாக. அடுத்ததில் எலுமிச்சை அளவு, அதற்கடுத்ததில் புளியங்கொட்டை. கடைசி மடிப்பில் ஒரு கடுகு, அதைச் சுற்றி மஞ்சளாக ஒரு வளையம். புடவை நெடுகிலும் ஒரு கறை எட்டுப் படிகளில் இறங்கிப் போயிருந்தது. மதுரைச் சுங்குடியில் முடிச்சுகள் வரிசையாக வருகிற ஒழுங்கும் அதில் இருந்தது, எந்தக் கையும் போட முடியாத தளர்வும் இருந்தது. அன்று அழுதேன். ஆனால் அழுதுகொண்டே அந்தப் புடவையை அளந்து நோட்டில் வரைந்துகொண்டேன். இன்றைக்கும் என் வேலையில் உருவங்களை எங்கே வைப்பது என்பதை அந்த நோட்டுதான் சொல்கிறது. பூஞ்சணம் ஈரத்தைத் தொடர்ந்து போகும். அதனால் புடவையிலும் அதைச் சீரான கட்டங்களில் வைக்கக் கூடாது. கீழ்க்கரையிலிருந்து ஏறட்டும், மடிப்பு விழும் கோட்டில் கூடட்டும், முந்தானைப் பக்கம் காய்ந்து போகட்டும்.

செய்முறைக்கு வருகிறேன். பூஞ்சணத்தின் நடத்தையை அப்படியே தரக்கூடிய சாயம் ஒன்று நம்மிடம் பல நூறு வருடங்களாக இருக்கிறது. கடுக்காயும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பும். இரண்டும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும். வெளுக்காத பருத்தியான காடா துணியைக் கஞ்சி போக நன்றாகத் துவைத்துக்கொள்ளுங்கள். துணியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு கடுக்காய்ப் பொடி. ஒரு மீட்டர் காடா 150 கிராம் என்றால் 30 கிராம். வெந்நீரில் கரைத்து வடிகட்டி, துணியை இரவு முழுக்க ஊறவைத்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். வெளிர் மஞ்சளாக வரும். ஒரு டம்ளர் தண்ணீரில் அரை டீஸ்பூன் அன்னபேதி கரைத்துக்கொள்ளுங்கள். இப்போது துணியில் லேசாகத் தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, ஒரு சொட்டு விடுங்கள். விழுந்த நொடியில் ஒன்றுமில்லை போல இருக்கும். மூச்சு விடுவதற்குள் நடுவில் சாம்பல் எழும், கறுக்கும், நூலோட்டத்தைப் பிடித்துக்கொண்டு விளிம்பு இழை இழையாக வெளியே போகும். ஈரம் குறைவான இடத்தில் நின்றுவிடும். அந்த விளிம்பை எந்த பிரஷ்ஷாலும் வரைய முடியாது. கடுக்காயின் துவர்ப்பில் இருக்கும் டானினும் இரும்பும் சேர்ந்து பிறக்கிற கறுப்பு இது. காளஹஸ்திக் கலம்காரியில் கோடு இழுக்கிற கறுப்பும் இதே குடும்பம்தான். அவர்கள் பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் நாள்கணக்கில் புளிக்கவைத்து எடுப்பார்கள். அவர்கள் கடுக்காயோடு பாலும் சேர்ப்பார்கள், பாலின் கொழுப்பு சாயத்தைப் பரவவிடாது, கோடு சுத்தமாக நிற்கும். நமக்குப் பரவ வேண்டும், ஆகவே பால் சேர்க்காதீர்கள். ஓர் எச்சரிக்கை: அன்னபேதி கூடினால் நாளடைவில் துணி இற்றுப்போகும். கறுப்பு போதவில்லை என்று கரைசலைக் கெட்டியாக்காதீர்கள். காய்ந்தபின் அதே இடத்தில் இன்னொரு மெல்லிய சொட்டு விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து நன்றாக அலசிவிடுங்கள்.

மேலே தையல். இங்கேதான் ஆட்கள் அவசரப்படுகிறார்கள். பென்சிலால் வட்டம் போட்டு அதை நிரப்பினால் பொட்டு மாதிரி இருக்கும். வட்டம் போடாமல் நடுவில் ஒரு முடிச்சில் தொடங்குங்கள். ஆறு இழை நூலில் ஃபிரெஞ்ச் நாட் (நூலை ஊசியில் சுற்றிப் போடும் முடிச்சு), ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி ஏழெட்டு. அதைச் சுற்றி மூன்று இழையில், கொஞ்சம் இடைவெளி விட்டு. பிறகு ஒற்றை இழையில், இன்னும் தளர்வாக. விளிம்புக்கு வந்ததும் முடிச்சை விட்டுவிட்டு, வெள்ளை ஒற்றை நூலில் வெளிநோக்கிச் சின்னச் சின்ன நேர்த்தையல், நுனியில் ஒன்றிரண்டு கிளை. கறுப்பு நூலைத் தொடாதீர்கள். கரும்பச்சை, மிளகு நிறம், சாம்பல் போதும். உள்ளே எங்காவது ஒரு இடத்தில் கத்தரிப்பூ நிறமோ பழைய ரோஸோ. நிஜத்திலும் உற்றுப் பார்த்தால் அப்படி ஒரு நிறம் இருக்கும். இரண்டு வட்டங்கள் சந்திக்கும் இடத்தில் இரண்டு நூல் அகலத்துக்குத் துணியைச் சும்மா விடுங்கள், மொத்த வேலைக்கும் உயிர் அங்கிருந்துதான் வரும். ஆரி ஊசியில் இதைச் செய்யலாமா என்றால், செய்யலாம், வேகம் கிடைக்கும். ஆனால் ஆரியின் சங்கிலித் தையல் வழவழப்பாக ஓடுவதால் அந்தப் பொருக்குத்தன்மை கிடைப்பதில்லை. நடுப்பகுதிக்குச் சின்ன மணிகள் வைத்தால் ஓரளவு சரியாகும்.

நிறைய எண்ணிக்கையில் செய்ய வேண்டுமென்றால் திருப்பூர்ப் பக்கம் அச்சுப் பட்டறைகளில் பஃப் பிரிண்ட் என்று கேளுங்கள். சூடு பட்டதும் மை உப்பி எழும். அதைவிட எனக்குப் பிடித்தது பர்ன் அவுட். பாலியெஸ்டரும் பருத்தியும் கலந்த துணியில் அமிலத்தன்மை உள்ள பசையை அச்சிட்டுச் சூடாக்கினால் அந்த இடத்தில் பருத்தி மட்டும் கருகி உதிர்ந்துவிடும், பாலியெஸ்டர் வலை மாதிரி நிற்கும். பூஞ்சணம் துணிக்குச் செய்கிற அதே காரியம். அந்த வலையில் வெளிச்சம் பட்டால் பூஞ்சை இழைகளைப் பார்க்கிற மாதிரியே இருக்கும். துணியில் மெழுகு பூசிச் சாயமிடும் பாத்திக்கில், மெழுகு உடைந்து சாயம் உள்ளே போகும் நரம்புக்கோடுகளையும் மறக்காதீர்கள். 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல ஓவியர் கிராமம் உருவானபோது அங்கிருந்த ஓவியர்களுக்குச் சோறு போட்டவற்றில் பாத்திக்கும் ஒன்று.

வளர்கிற முறையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது புதிதில்லை. இழை இழையாக நீளும் எளிய உயிர்களின் வளர்ச்சியை எழுத்துகளும் விதிகளுமாக எழுதலாம் என்று 1968இல் அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் காட்டினார். ‘இந்த எழுத்து அடுத்த அடியில் இந்த இரண்டாக மாறும்’ என்பது மாதிரி விதிகள். கிட்டத்தட்ட அதே காலத்தில் நம் தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில், கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் வாசலில் போடுகிற கோலத்துக்கு இப்படி இலக்கணம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து அவர்கள் எழுதிய கட்டுரை 1974இல் வந்தது. கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு இதில் விளக்க ஒன்றுமில்லை. ஐந்து புள்ளியில் தொடங்கியதை அதே விதியில் ஒன்பதுக்குக் கொண்டுபோவது கைப்பழக்கம். நீங்களும் அப்படியே ஒரு விதி எழுதிவையுங்கள். ஒவ்வொரு முடிச்சும் வெளிப்பக்கம் இரண்டு முடிச்சு போடும், இடமில்லாவிட்டால் நின்றுவிடும் என்று வைத்துக்கொண்டு தைத்துப் பாருங்கள். பத்தாவது சுற்றில் உங்கள் கை வரைந்திருக்கவே முடியாத ஒரு விளிம்பு வந்து நிற்கும்.

முகம் சுளிப்பார்களா? சிலர் சுளிப்பார்கள். என் அனுபவத்தில் சுளிக்க வைப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள். கொத்துக் கொத்தாகக் குழிகள், ஈரமாக மினுங்கும் பரப்பு, சதை நிறத்தின் மேல் பச்சை. குழிக்குப் பதில் மேடு, மினுக்கமில்லாத பருத்தி நூல், காடாவின் இயல்பான நிறம் என்று மாற்றினால் அதே உருவத்தைக் கடலடிப் பவளம் என்றும் மரப்பட்டை என்றும் சொல்லித் தொட்டுப் பார்க்கிறார்கள். பூஞ்சணம் என்று சொல்லலாமா கூடாதா என்றால், நான் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் மழையையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த இந்த ஊரில், சொன்னவுடன் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டுச் சுவரைப் பற்றிப் பேசத் தொடங்குகிறார்கள்.

இனி அம்மாவின் புடவை. என்95 மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு, வீட்டுக்குள் உதறாமல் மொட்டைமாடிக்கு எடுத்துப்போங்கள். தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டை மேலே போட்டு மார்க்கரால் கறையின் விளிம்பைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அது கிடைக்காது. நல்ல வெயிலில் ஒரு பகல் காயவைத்து, மென்மையான பிரஷ்ஷால் தட்டி, வெந்நீரும் சோப்பும் போட்டு அலசி மறுபடி வெயில். பிளீச்சிங் பவுடர் பட்டில் பட்டால் இழையே கரைந்துவிடும், பருத்தியையும் பலவீனமாக்கும்; தவிர்த்துவிடுங்கள். சுவரில் இருக்கிற ஈரக்கசிவைச் சரிபண்ணாமல் புடவையை அதே பீரோவில் திரும்ப வைக்காதீர்கள்.

துவைத்த பிறகும் வட்டங்கள் தேநீர்க் கறை மாதிரி மங்கலாக மிஞ்சியிருக்கும். புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த இடங்களில் நெசவு மெலிந்திருப்பது தெரியும். அங்கெல்லாம் அடியில் மெல்லிய மல்மல் பருத்தித் துணி ஒன்றைக் கொடுத்து ஒட்டுத்தையல் போட்டுக்கொள்ளுங்கள். ஷீட்டில் எடுத்த கோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மிகப் பெரிய வட்டத்தின் நடுவில், ஆறு இழையில் முதல் முடிச்சைப் போடுங்கள்.